டெய்சி தண்ணீர் குடிக்கிறது

தம்பி,

தந்தியைப் பிரித்ததும் உன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். தாலி கட்டின ஈரம் காயவில்லை. மருமகளை அழைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மத்திகிரிக்கு வருவதாக இருந்தாய். அதற்குள் 'இப்போது வர வேண்டாம், கடிதம் வருகிறது' என்று அப்பனிடமிருந்து தந்தி. சிங்காரப்பேட்டையில் சம்பந்தி வீட்டார் கூடி நின்று அதைப் படித்திருப்பார்கள். சீரில் குறை, பந்தியில் குறை, பெண்ணையே பிடிக்கவில்லை என்று ஆளுக்கொன்று சொல்லியிருப்பார்கள். கடிதம் வருகிறது என்ற மகராசன் கடிதமும் போடவில்லை. நீ போட்ட இரண்டு கார்டுக்கும் பதில் இல்லை. முதல் கார்டில் 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று இருந்தது, இரண்டாவதில் வெறும் 'அப்பாவுக்கு' என்று வந்தது. அதைப் பார்த்து முதலில் சிரித்தேன், அப்புறம் உட்கார்ந்து அழுதேன். ஆகவே எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். மருமகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, சம்பந்தி மேலும் இல்லை. டெய்சி என்னைக் கடித்துவிட்டது. அது வெறிநாய்க் கடியோ என்று பயந்து செத்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுத்தால் அந்த 'வெறி' என்ற சொல்லை எழுத வேண்டிவருமே என்று பேனாவையே எடுக்கவில்லை.

டெய்சி போய் உன் அப்பனைக் கடிக்குமா என்று நீ கேட்பாய். நம் மாட்டுப் பண்ணைத் துரை சீமைக்குக் கப்பலேறிய வருஷம் அவர் நாய் போட்ட குட்டியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தவன் நீ. வாய்க்குள் கையை விட்டால் நீகூடக் கடிப்பாய், அது கடிக்காது என்று உன் அம்மா சொல்வாள். ஆனால் நீ பெங்களூரில் வேலைக்குப் போன பிறகு அந்த நாய் பழைய நாயாக இல்லை. உனக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் 'டெய்சி சௌக்கியம்' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டிருந்தேன். சௌக்கியமாக இல்லை. முதலில் தாகம் வந்தது. வைத்த சட்டியைக் காலி செய்துவிட்டு மாட்டுத் தொட்டிக்குப் போகும், அங்கிருந்து வந்து என் செம்பையும் உருட்டும். குடித்த தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக்குள்ளேயே விடும். விட்டுவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு மூலையில் போய் நிற்கும், அதைப் பார்த்தால் அடிக்கவும் கை வராது. பிறகு பசி வந்தது. களி உருண்டையை மெல்லாமல் விழுங்கிவிட்டு அடுத்த வீட்டு அடுப்படியில் போய் நிற்கும். முதுகில் மயிர் கொட்டியது. தோல் வெங்காயச் சருகாட்டம் ஆனது. கால்கள் சூம்ப, வயிறு மட்டும் பானையாட்டம் தொங்கியது. பக்கத்து வீட்டு முனியம்மாவை உனக்குத் தெரியும். அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, "கிளார்க்கய்யா, இந்த வயசுல குட்டி போடப்போவுதுங்க. எனக்கு ஒரு கடுவன் குட்டி எடுத்து வையுங்க" என்றாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் குட்டிக்குச் சொல்லிவைத்தார்கள். நானும் முட்டாள்தனமாகக் கொள்ளு வேகவைத்துப் போட்டேன், பாலும் ஊற்றினேன்.

குட்டி வருகிற வழியாக இல்லை. பண்ணை மாட்டு டாக்டரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "சினையும் இல்லை, ஒண்ணும் இல்லைங்க. குண்டிக்காய், கிட்னின்னு சொல்றோமே, அதுக்கு மேல பட்டாணியாட்டம் ஒரு சுரப்பி இருக்கு, அது வேலையை மிஞ்சிச் செய்யுது. குஷிங் நோய்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. மனுஷங்களுக்கும் வரும்" என்றார். மருந்து என்ன என்று கேட்டேன். "புஸ்தகத்துல இருக்கு, நம்ம அலமாரியில இல்லை. வயசும் ஆயிருச்சு. கேட்டப்பல்லாம் தண்ணி குடுங்க. வீடு நனையுதேன்னு தண்ணியை நிறுத்தினா மூத்திரம் நிக்காது, உசிருதான் நின்னுபோகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் பிழைப்பு இதுதான். காலையில் கிணற்றடி, சாயங்காலம் கிணற்றடி. படுக்கச் சாக்கு, நனைந்ததைத் துவைத்துப் போட்டால் மாற்றுச் சாக்கு. தோல் வெடிக்காமலிருக்கத் தேங்காயெண்ணெய். படியேற முடியாதபோது வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிவிடுவேன். ஆபீசில், "கிளார்க்குக்கு வீட்டுல கைக்குழந்தை இருக்குது" என்று கேலி பேசினார்கள், பேசட்டும் என்று விட்டுவிட்டேன். உனக்குச் சொல்லாததற்குக் காரணம், நீ பெண் பார்த்துக்கொண்டிருந்தாய். நல்ல காரியம் நடக்கும்போது நோய்ப் பேச்சு எதற்கு என்று நினைத்தேன்.

கல்யாணத்தன்று சாப்பாடு முடிந்ததும் ஆபீசில் வேலை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேனே, வேலையும் இல்லை, வெட்டியும் இல்லை. முனியம்மாவிடம் நாயை விட்டுவிட்டு வந்திருந்தேன், மனசு அங்கேயே இருந்தது. வீடு வந்து, சம்பந்தியம்மாள் கட்டிக்கொடுத்த பலகார மூட்டையைத் தரையில் வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினேன். திரும்பிப் பார்த்தால் மூட்டை டெய்சியின் வாயில். அதிரசமும் முறுக்கும் இலையும் நாருமாகச் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தது. நார் தொண்டையில் சிக்கிக்கொள்ளுமே என்று வாய்க்குள் கையை விட்டுப் பிடுங்கினேன். வலது கட்டைவிரலில் பல் இறங்கிவிட்டது. கடித்ததும் அதுவே பயந்து விலகியது. என் கையை நக்க வந்தது. சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, பசியில் கடித்தது பாவம் என்று அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் முனியம்மா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "சங்கதி தெரியுமாங்க, பால்கார நாராயணப்பா கன்னுக்குட்டி கத்திக் கத்திச் செத்துப்போச்சு. நீங்க கல்யாணப் பத்திரிகை வெச்சினு இருந்தீங்களே, அந்த வாரம் நம்ம தெருவுல ஓடுச்சே ஒரு செவல நாயி, அதுதான் கடிச்சிருக்குது. அது வெறிநாயாம்" என்றாள். நம் தெருவில் ஓடிய நாய். பகலெல்லாம் நம் வாசலில்தான் டெய்சி படுத்துக் கிடக்கும். அப்போதே ஓசூருக்குப் பஸ் ஏறினேன்.

ஓசூர் ஆஸ்பத்திரி டாக்டர் கையைப் பார்த்தார், எப்படிக் கடித்தது என்று கேட்டார். சோற்றைப் பிடுங்கினால் எந்த நாயும் கடிக்கும் என்றார். பண்ணை டாக்டரும் டெய்சியைப் புரட்டிப் பார்த்து, மயிர் இல்லாத தோல், கடி பட்டிருந்தால் வடு தெரிந்திருக்கும், ஒன்றையும் காணோம் என்றார். இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான். நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்க்க வேண்டும். உயிரோடும் சரியாகவும் இருந்தால் கடியில் விஷம் இல்லை. நடுவில் செத்தாலோ, நடத்தை மாறினாலோ அன்றைக்கே ஓடிவந்து தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பிக்க வேண்டும். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்டேன். மூச்சு வாங்கும், எச்சில் வடியும், பின்னங்கால் தள்ளாடும், ஓரிடத்தில் நிலைகொள்ளாது, கண்டதைத் தின்னும் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். தம்பி, இதெல்லாம் ஒரு வருஷமாகவே டெய்சிக்கு இருக்கிறது! மூச்சு வாங்காத நேரம் கிடையாது. பின்னங்கால் தள்ளாடுவதால்தானே துண்டு கட்டித் தூக்குகிறேன். கிழ நாயின் நோய் எது, வெறி எது என்று எதை வைத்துப் பிரிப்பேன்? போதாததற்கு அது கிழம், நோயாளி. வெறி இல்லாமலே இந்தப் பத்து நாளுக்குள் செத்துவைத்தால்? என் உயிரை அந்த நாயின் வாலில் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. ஒரே ஒரு பிடிமானம் அந்தத் தாகம். வெறி வந்த நாய்க்குத் தண்ணீர் இறங்காது என்பார்கள். டெய்சி குடித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் நான் இருப்பேன் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

டெய்சியை விறகுக் கொட்டகையில் கட்டிப்போட்டுவிட்டு உனக்குத் தந்தி கொடுத்தேன். நீ வந்தால் விறகுக் கொட்டகைக்குத்தான் முதலில் ஓடுவாய், அது உன் கை, முகம் எல்லாம் நக்கும். கூட ஒரு புதுப் பெண் நிற்பாள். காரணம் எழுதினால் நீ இன்னும் வேகமாக ஓடிவருவாய், அதனால் காரணத்தையும் விழுங்கிவிட்டேன். உன் அப்பன் தைரியசாலி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பண்ணைக் காளை கட்டறுத்துக்கொண்டு வந்தபோது ஏழு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றினேனாம். நீயும் பெங்களூரில் உன் சிநேகிதர்களிடம் அதைச் சொல்லியிருப்பதாகக் கேள்வி. நடந்ததைச் சொல்கிறேன். காளையைக் கண்டதும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது, பக்கத்தில் நீ இருந்தாய். உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினேன். அங்கே ஒரு மூட்டை இருந்திருந்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். உன் அம்மாவுக்கு மட்டும் இது தெரியும், கடைசிவரை யாரிடமும் அவள் சொல்லவில்லை. உனக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. உன் பெண்டாட்டியிடம் வீரன் வேஷம் போடாதே. போட்டால் ஆயுசு முழுக்கக் கலைக்காமல் நிற்க வேண்டும், முதுகு வலிக்கும்.

பயம் என்றால் எப்படிப்பட்ட பயம் என்கிறாய்! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்குப் பட்டப்பகலே பேயாக இருந்தது. விடிந்ததும் எனக்குத் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க ஒரு செம்பு குடிப்பேன். பயத்தில் தொண்டை அடைக்கும். தொண்டை அடைக்கிறதே என்று இன்னும் பயம் வரும். விரல் காயம் அரித்தால் விஷம் ஏறுகிறது என்று தோன்றும், அரிக்காவிட்டால் மரத்துப்போய்விட்டது என்று தோன்றும். வேப்பனப்பள்ளியில் நாய்க்கடிக்கு ஊமத்தைச் சாறு கலந்து வெல்லம் கொடுக்கும் ஒருவர் இருக்கிறார் என்று ஆபீசில் சொன்னார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டுப் பாதி வழியில் இறங்கித் திரும்பினேன். நான் இல்லாத நேரத்தில் நாய் செத்துப்போனால் என்ன செய்வது? ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்தேன். அது மூச்சு வாங்கினால் நானும் வாங்கினேன்.

ஒருநாள் மத்தியானம் வாளிக் கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள் போய்விட்டது. டெய்சி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு சட்டியை முட்டுகிறது. அவசரத்தில் கையில் கிடைத்த தகர டின்னை அலசி, அறுந்த கயிற்றின் மிச்சத்தில் கட்டித் தண்ணீர் இறைத்துச் சட்டியில் ஊற்றினேன். வந்தது, மூக்கை வைத்தது, தலையைச் சிலுப்பிக்கொண்டு பின்னால் போய்விட்டது. சட்டியைக் கிட்டே தள்ளினேன். உதட்டைச் சுருட்டிக்கொண்டு உறுமியது. ஒரு வருஷமாகக் குடித்துத் தீர்த்த நாய் தண்ணீரைக் கண்டு பின்வாங்குகிறது! வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த முனியம்மாவும் பார்த்துவிட்டாள். பயம் வந்தால் அவளுக்குத் தமிழ் ஓடிவிடும். "நீள்ளு தாகலேது! பிச்சி குக்கா, பிச்சி குக்கா!" என்று தெலுங்கில் அலறினாள். தண்ணீர் குடிக்கவில்லை, வெறிநாய் என்கிறாள். எதிர்வீட்டிலிருந்து ஒருவன் "ஹுச்சு நாயி" என்று கன்னடத்தில் கத்தினான். நம் தெருவில் எதற்கும் மூன்று பாஷை உண்டல்லவா, இதற்கும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் நாராயணப்பா தடியோடு வந்தான், பின்னால் நாலைந்து பேர்.

நான் கொட்டகை வாசலில் நின்றேன். தடுத்து நின்றேன் என்று நினைத்துவிடாதே, நகர முடியாமல் நின்றேன். "கிளார்க்கய்யா, தள்ளிக்கங்க" என்றான் நாராயணப்பா. அவன் முகத்தில் கோபம் இல்லை, அவனுக்கும் பயம்தான். "என் கன்னுக்குட்டி கத்துன கத்து உங்களுக்குத் தெரியாது. பெத்த புள்ளயாட்டம் வளத்தது. தெருவுல கொழந்தைங்க ஆடினு இருக்குது."

"இத இப்ப அடிச்சிட்டா எனக்கு விஷம் இருக்குதா இல்லையான்னு யாரக் கேக்கறது நாராயணப்பா? செத்த நாயி பதில் சொல்லுமா?"

"உசிரோட இருக்கற நாயி நாளைக்கு அவுத்துனு போயி என் புள்ளயக் கடிச்சா, நீங்க பதில் சொல்வீங்களா?"

அவன் கேட்டது நியாயம். அழுகை வந்தது. முகத்தைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனேன், கண் பற்றிக்கொண்டு எரிந்தது. கையை முகர்ந்தேன். சுண்ணாம்பு! மருமகள் வருகிறாள் என்று வீட்டுக்கு வெள்ளையடித்தோமே, அந்தச் சுண்ணாம்பு கரைத்த டின் அது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்ததே தவிர அடியில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. "முனியம்மா, உன் வீட்டுத் தண்ணி ஒரு குடம் கொண்டா, ஓடு" என்று கத்தினேன். என் குரலைக் கேட்டு அவளும் ஏன் என்று கேட்காமல் ஓடினாள். குடத்தை வேலிக்கு இந்தப்பக்கம் வைத்துவிட்டு விலகிக்கொண்டாள். சட்டியைக் கொட்டிக் கழுவி அந்தத் தண்ணீரை ஊற்றினேன். ஊற்றும்போது பாதி என் காலில் கொட்டியது. டெய்சி மோந்து பார்த்தது. பார்த்துக்கொண்டே நின்றது. நாராயணப்பா தடியை மாற்றிப் பிடித்தான். அப்புறம் அது குடித்தது. சளக் சளக்கென்று அந்தச் சத்தம். சட்டி காலியானதும் தலையைத் தூக்கி இன்னும் வேண்டும் என்று பார்த்தது. மறுபடி ஊற்றினேன், மறுபடி குடித்தது. நாராயணப்பா தடியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே குந்திக்கொண்டான். "ஹுச்சு நாயி இப்பிடிக் குடிக்காதுங்க" என்றான். அதிலிருந்து தினமும் பால் ஊற்றிவிட்டுப் போகும்போது கொட்டகைப் பக்கம் வந்து, அது குடிப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனான்.

நேற்றோடு கெடு முடிந்தது. இன்று பண்ணை டாக்டர் வந்தார். வாயைத் திறந்து பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கையை நீட்டினார், அது நக்கியது. "உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க. தைரியமா இருங்க" என்றார். கும்பிட்டேன். சாமிக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. இந்த இடத்தில் கடிதத்தை முடித்து, மருமகளோடு வா என்று எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பாமல் நின்றார். "இதோட நெஞ்சு அடிக்கிற அடியைக் கேட்டீங்களா? ஈரலும் வீங்கிப்போச்சு. ரொம்ப நாள் இல்லை. கஷ்டப்படுதுன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா சொல்லியனுப்புங்க. ஒரு ஊசி, தூங்குற மாதிரி போயிரும்" என்றார்.

கயிற்றை அவிழ்த்துவிட்டேன். எங்கும் போகவில்லை. தள்ளாடித் தள்ளாடி வந்து என் காலடியில் சாய்ந்து படுத்தது. மூச்சு வாங்கியது. பழக்கதோஷத்தில் நானும் அதைக் கவனித்தேன். நின்றுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு இனி ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய் ஒரு நாழிகை ஆகிவிட்டது. இனி அது செத்தால் எனக்கு ஊசி வேண்டாம், வெறி வராது, தெருவில் யாரும் தடி எடுக்கமாட்டார்கள். அப்படியிருந்தும் அது மூச்சுவிடுவதை எண்ணிக்கொண்டிருக்கிறேன். என் உயிருக்காகத்தான் அது பிழைக்க வேண்டும் என்று இத்தனை நாளும் வேண்டிக்கொண்டதாக நினைத்திருந்தேன். என் உயிர் திரும்பி வந்துவிட்டது, வேண்டுதல் மட்டும் நிற்கவில்லை.

நீ எழுதிய கார்டில், அப்பாவின் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். இதுதான் இருக்கிறது. ஊசி போடச் சொல்வதா, தானாகப் போகும்வரை சாக்கு மாற்றிக்கொண்டிருப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அது மூச்சு வாங்கினால் ஒன்று தோன்றுகிறது, வாலை ஆட்டினால் வேறொன்று தோன்றுகிறது. கடிதம் கிடைத்ததும் புறப்பட்டு இரண்டு பேருமாக வாருங்கள். சம்பந்தியிடம் இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டு, எனக்கு வெட்கமில்லை. மருமகளிடம், வெள்ளையடித்த வீடுதான், ஆனாலும் மூத்திர வாடை அடிக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிடு. நீ வந்து எனக்குத் தைரியம் சொல்ல வேண்டாம். கொட்டகைக்குள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொள், அது போதும். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி, சீக்கிரம் வா.

அப்பா